மீட்டர் கணக்கில் விற்ற படங்களும் ஒரு முகமும்: ஆஸ்தா நீல்சன் ஏன் முக்கியமானவர்?

திரைப்பட வரலாற்றைத் தேடிப் படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் தவறாமல் வரும். உலகின் முதல் திரை நட்சத்திரம் யார்? பிரான்ஸின் மாக்ஸ் லிண்டர் என்பார் ஒருவர். அமெரிக்காவின் ஃபுளோரன்ஸ் லாரன்ஸ் என்பார் இன்னொருவர். ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் எழுதப்பட்டவற்றைப் புரட்டினால் டென்மார்க் நடிகை ஆஸ்தா நீல்சன் என்று இருக்கும்.

மூன்றும் பொய்யில்லை. ‘நட்சத்திரம்’ என்ற சொல்லுக்கு அவரவர் கொள்ளும் பொருள்தான் வேறு. மக்கள் அடையாளம் கண்டு தேடி வந்த முகம் என்று பொருள் கொண்டால் லிண்டர். தயாரிப்பாளரே பெயரை வெளியிட்டு 1910இல் பரபரப்பாக விளம்பரம் செய்த நடிகை என்றால் லாரன்ஸ். ஒருவருடைய பெயர் ஒன்றை மட்டுமே நம்பி, இன்னும் எடுக்கப்படாத படங்களைக்கூடத் திரையரங்குகள் முன்கூட்டியே பதிவு செய்துகொண்ட நிலை என்றால் நீல்சன். இன்று படத்துறையில் வியாபாரம் நடப்பது இந்த மூன்றாவது பொருளில்தான். அது எப்படிப் பிறந்தது என்று தெரிய வேண்டுமானால், கோபன்ஹேகனில் 1910ஆம் ஆண்டு கோடையில் எடுக்கப்பட்ட ஒரு சிறிய படத்திலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

1. ரீல்: ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள படச்சுருள். ஓட்டும் வேகத்தைப் பொறுத்துப் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஓடும். 1910 வரை பெரும்பாலான படங்கள் ஒரே ரீலில் முடிந்தன. திரையரங்கில் ஒரு காட்சி என்றால் செய்திப்படம், நகைச்சுவை, இயற்கைக் காட்சி, ஒரு குட்டிக் கதை என்று பல துண்டுகள் அடுத்தடுத்து ஓடுவதே.

2. எழுத்து அட்டை: வசனத்தையோ நிகழ்வையோ சொல்லும் வாசகங்கள், காட்சிகளுக்கு நடுவே வந்துபோகும். அட்டையை மட்டும் மொழிபெயர்த்து ஒட்டிவிட்டால் டேனிஷ் படம் ஜெர்மன் படமாகிவிடும், ரஷ்யப் படமாகிவிடும். சின்ன நாடான டென்மார்க் அன்று உலகச் சந்தையில் பெரிய பெயர் எடுத்ததற்கு இந்த எளிமையும் ஒரு காரணம். 1906இல் ஓலே ஓல்சன் தொடங்கிய நோர்டிஸ்க் நிறுவனம், பூகோள உருண்டை மேல் நிற்கும் வெண்கரடியைச் சின்னமாக வைத்துக்கொண்டு ஐரோப்பா முழுவதும் படங்களை அனுப்பியது.

3. மௌனப் படம்: திரையில் ஒலி இல்லை என்பது மட்டுமே பொருள். அரங்கில் பியானோவோ சிறு இசைக்குழுவோ உடன் வாசித்தது. அமைதியில் உட்கார்ந்து யாரும் படம் பார்க்கவில்லை.

இவற்றோடு ஒரு வணிக உண்மையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்று படம் விற்றது மீட்டர் கணக்கில். துணிக்கடையில் துணி வாங்குவதைப் போல, நீளத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தால் பிரதி உங்களுடையது. யாரிடமும் கேட்காமல் எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம், வாடகைக்கு விடலாம், கிழிந்து கந்தலாகும் வரை கைமாற்றலாம். யார் நடித்தது என்பதற்கு இந்த வியாபாரத்தில் இடமே இல்லை. கத்தரிக்கு எந்த மீட்டரும் ஒன்றுதான்.

வெஸ்டர்ப்ரோவின் கொல்லர் மகள்

ஆஸ்தா நீல்சன் 1881 செப்டம்பர் 11 அன்று கோபன்ஹேகனின் வெஸ்டர்ப்ரோ பகுதியில் பிறந்தார். உழைப்பாளிகள் வசித்த பேட்டை அது. தந்தை கொல்லர்; பல நாள் வேலை இருக்காது. தாய் துணி வெளுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். பிழைப்புக்காகக் கடல் கடந்து ஸ்வீடனின் மால்மோ நகரத்துக்குச் சென்றார்கள், பிறகு திரும்பினார்கள். ஆஸ்தாவுக்குப் பதினான்கு வயதானபோது தந்தை இறந்தார்.

அந்த வீட்டிலிருந்து ராயல் டேனிஷ் தியேட்டரின் நடிப்புப் பள்ளிக்குப் போவது சாதாரணக் காரியமில்லை. பதினெட்டு வயது வாக்கில் உள்ளே நுழைந்தார். பேட்டர் யெர்ன்டோர்ஃப் என்ற மூத்த நடிகரிடம் பயின்றார். 1901இல் மகள் பிறந்தாள். பெயர் யெஸ்தா. திருமணம் ஆகவில்லை; தந்தை யார் என்பதை ஆஸ்தா வெளியே சொல்லவில்லை. குழந்தையைத் தானே வளர்த்துக்கொண்டு படிப்பை முடித்து மேடையேறினார். 1901ஆம் ஆண்டின் சமூகத்தில், கையில் காசில்லாத இருபது வயதுப் பெண் எடுத்த முடிவு அது. அவருடைய படங்களில் ஊர் வாய்க்கு அஞ்சாத பெண்கள் இத்தனை பேர் வருவதைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வராமல் போகாது.

மேடை அவரைக் கொண்டாடவில்லை. டாக்மார் தியேட்டர், நார்வேயிலும் ஸ்வீடனிலும் சுற்றுப்பயணக் குழுக்கள், பிறகு கோபன்ஹேகனின் ‘டெட் நியூ’ தியேட்டர் என்று ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஓடின. ஒல்லியான உடல், வெளிறிய முகம், அதில் பாதியை அடைத்துக்கொள்ளும் கரிய கண்கள். அன்றைய கதாநாயகிக்கான இலக்கணத்தில் அவர் அடங்கவில்லை. பெரிய வேடங்கள் வேறு யாருக்கோ போயின.

8,000 குரோனரில் ஒரு படம்

அதே நாடகக் கூடத்தில் அரங்க வடிவமைப்பில் வேலை செய்துகொண்டிருந்தவர் ஊர்பன் காத். ஆஸ்தாவின் திறமையை நாடக இயக்குநர்கள் கண் திறந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவர் ஒரு திரைக்கதை எழுதினார். திரைப்படம் அவர்களுக்கு இலக்கு இல்லை. மேடைக்குத் திரும்பிப் போகும் குறுக்குவழி. காஸ்மோராமா திரையரங்கின் நிர்வாகி யால்மர் டேவிட்சன் பணம் போட்டார். செலவு டென்மார்க் நாணயத்தில் சுமார் 8,000 குரோனர். சில நாட்களிலேயே படப்பிடிப்பு முடிந்தது. படத்தின் பெயர் ‘ஆஃப்குருண்டன்’. தமிழில் ‘பாதாளம்’ எனலாம்.

கதை இவ்வளவுதான். பியானோ ஆசிரியை மக்தா டிராம் வண்டியில் ஒரு பாதிரியாரின் மகனைச் சந்திக்கிறாள். அவன் அவளைத் தன் பெற்றோரின் கிராமத்து வீட்டுக்கு அழைத்துச் செல்கிறான். அங்கே ஒரு சர்க்கஸ் வருகிறது. சர்க்கஸ்காரன் ருடால்ஃபோடு அவள் போய்விடுகிறாள். அவன் துரோகம் செய்கிறான், அவளால் அவனை விட முடியவில்லை, கடைசியில் அவனைக் கத்தியால் குத்திவிடுகிறாள். ருடால்ஃபாக நடித்த பவுல் ரோய்மெர்ட் பின்னாளில் டேனிஷ் நாடக மேடையின் பெரும் நடிகரானார்.

படத்தில் இரண்டு இடங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

முதலாவது, கௌச்சோ நடனம். கௌச்சோ என்றால் தென்னமெரிக்க மாடு மேய்ப்பவன். ஒட்டிய கரிய உடையில் மக்தா கயிற்றோடு வருகிறாள். ருடால்ஃபைக் கயிற்றால் கட்டிப்போடுகிறாள். பிறகு அவனைச் சுற்றிச் சுற்றி, உடம்போடு உடம்பு உரச ஆடுகிறாள். கேமரா அசையவில்லை, காட்சி வெட்டப்படவும் இல்லை. கட்டுண்டு நிற்பது ஆண். ஆசையை வெளிப்படையாகக் காட்டுவது பெண். 1910இன் பார்வையாளர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதற்குச் சான்று வேண்டுமானால், படம் நார்வேயிலும் ஸ்வீடனிலும் தணிக்கையில் சிக்கியதைச் சொல்லலாம்.

இரண்டாவது, முடிவு. கொலை நடந்துவிட்டது. போலீசார் மக்தாவை அழைத்துச் செல்கிறார்கள். அன்றைய நாடக வழக்கப்படி இங்கே அவள் நெஞ்சில் அறைந்துகொண்டு அழ வேண்டும், கைகளை வானத்தை நோக்கி உயர்த்த வேண்டும். ஆஸ்தா ஒன்றும் செய்யவில்லை. தூக்கத்தில் நடப்பவளைப் போலப் படிகளில் இறங்கி வருகிறார். முகத்தில் எதுவும் இல்லை. அந்த வெறுமையைப் பார்க்கும்போது நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது. கௌச்சோ நடனத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் கணிப்பில் திரைநடிப்பு என்ற கலை தனியாகப் பிரிந்த இடம் இந்தப் படிக்கட்டு.

1910 செப்டம்பர் 12 அன்று காஸ்மோராமாவில் படம் வெளியானது. முந்தைய நாள்தான் ஆஸ்தாவுக்கு 29 வயது நிறைந்திருந்தது. முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், அன்று அது பெரிய படம். கூட்டம் அலைமோதியது. நாடக இயக்குநர்களிடமிருந்து எதிர்பார்த்த அழைப்பு வரவில்லை. அதற்குப் பதிலாக ஜெர்மனியிலிருந்து வந்தது.

அவர் நடிப்பில் என்ன புதுமை?

மௌனப் பட நடிப்பு என்றாலே கண்ணை உருட்டுவது, கையை வீசுவது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. ஆஸ்தாவின் படங்களைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. அவர் கண்டுகொண்டவை இவை:

1. தூரம் மாறிவிட்டது. நாடக மேடையில் கடைசி வரிசைக்காரருக்கும் தெரியும்படி நடிக்க வேண்டும். திரையிலோ கடைசி வரிசைக்காரருக்கும் முகம் பெரிதாகவே தெரிகிறது. ஆகவே சிறு அசைவு போதும். பெரிய அசைவு பொய்யாகிவிடும். தன்னைத் திரையில் பெரிதாகப் பார்த்துப் பார்த்து இதைக் கற்றுக்கொண்டார். லென்ஸ் எதையும் மறைக்காது, ஆகவே உணர்ச்சி உண்மையாக இருந்தாக வேண்டும் என்பதே அவர் கொண்ட முடிவு.

2. வரிசை குலைந்துவிட்டது. மேடையில் நடிகர் முதல் அங்கத்திலிருந்து மெல்ல மெல்லச் சூடேறிக் கடைசி அங்கத்துக்குப் போகிறார். படப்பிடிப்பில் முடிவைக் காலையிலும் தொடக்கத்தை மாலையிலும் எடுப்பார்கள். சுற்றிலும் தச்சர்கள் சுத்தியல் தட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் தன்னைத் தானே அந்த மனநிலைக்குள் தள்ளிக்கொள்ளும் பயிற்சி தேவைப்பட்டது. இன்று எந்த நடிப்புப் பள்ளியிலும் சொல்லித் தரும் பாடம். அன்று சொல்லித்தர ஆளில்லை.

3. முதுகும் பேசும். கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்பது, பாதி திரும்புவது, ஒரு பொருளைக் கையில் எடுத்துத் தயங்குவது ஆகியவற்றை அவர் அஞ்சாமல் பயன்படுத்தினார்.

மோனோபோல் முறை: முகம் பணமான விதம்

நடிப்பு மட்டும் நட்சத்திரத்தை உருவாக்கிவிடாது. இங்கேதான் கதையின் மறுபாதி இருக்கிறது, பெரும்பாலான வாழ்க்கைக் குறிப்புகள் விட்டுவிடும் பாதி.

மீட்டர் கணக்கு வியாபாரம் ஜெர்மனியில் 1910 வாக்கில் திணறிக்கொண்டிருந்தது. படங்கள் குவிந்தன. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு அரங்குகள் ஒரே படத்தை ஓட்டின. போட்டியில் டிக்கெட் விலை இறங்கியது, வாடகை இறங்கியது, தயாரிப்பாளருக்குத் திரும்பி வந்த காசும் இறங்கியது. அந்த நேரத்தில் டியூசல்டார்ஃப் நகர விநியோகஸ்தர் லுத்விக் கோட்சால்க் டேனிஷ் படமான ‘ஆஃப்குருண்டன்’ கைக்கு வந்ததும் வேறு வழியில் விற்றார். பிரதியை விற்கவில்லை, ஓட்டும் உரிமையை விற்றார். ஓர் ஊரில், குறிப்பிட்ட காலத்துக்கு, ஓர் அரங்குக்கு மட்டும். இதற்கு மோனோபோல் படம் என்று பெயர். நம் திரைத்துறையில் ‘ஏரியா உரிமை’ என்று சொல்வதற்கு நெருங்கிய உறவு.

இதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக என்ன நடந்தது என்று பாருங்கள்:

1. ஊரில் ஓர் அரங்கில் மட்டுமே படம் ஓடுகிறது. ஆகவே அரங்க உரிமையாளர் கூடுதல் தொகை கொடுக்கத் தயார்.

2. கூடுதல் தொகை கொடுத்தவர் அதை மீட்டாக வேண்டும். படத்தைச் சில நாட்களில் தூக்கிவிடாமல் தொடர்ந்து ஓட்ட வேண்டும், டிக்கெட் விலையைக் கூட்ட வேண்டும். அதற்கு விளம்பரம் வேண்டும்.

3. விளம்பரத்தில் எதைப் போடுவது? பத்து நிமிடத் துண்டுப் படத்துக்குப் போட ஒன்றும் இல்லை. முக்கால் மணி நேரக் கதையில், மக்கள் வீட்டுக்குப் போன பிறகும் மறக்காத முகம் ஒன்று இருந்தது. அதற்கு ஒரு பெயரும் இருந்தது.

4. பெயருக்குக் கூட்டம் வருகிறது என்றால், அடுத்த படத்தையும் அந்தப் பெயரை வைத்தே விற்கலாம். படம் எடுக்கும் முன்பே விற்கலாம்.

இந்த நான்காவது படியில் ஏறியவர் பிராங்க்ஃபர்ட்டின் பவுல் டேவிட்சன். கோபன்ஹேகன் டேவிட்சனோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் அரங்க நிர்வாகி, இவர் ‘யூனியன்’ என்ற பெயரில் ஜெர்மானிய நகரங்களில் திரையரங்குகளை வரிசையாகத் திறந்தவர். 1911இல் ஆஸ்தாவோடும் காத்தோடும் ஒப்பந்தம் போட்டார். பருவத்துக்குச் சுமார் எட்டுப் படங்கள்; காத் எழுதி இயக்க, ஆஸ்தா நடிக்க. 1911 முதல் 1914 வரை மூன்று பருவங்கள் ‘ஆஸ்தா நீல்சன் தொடர்’ என்ற பெயரிலேயே படங்கள் வந்தன. கதை என்ன, தலைப்பு என்ன என்று முழுதாகத் தெரியாத நிலையிலும் அரங்குகள் தொடரைப் பதிவு செய்துகொண்டன. ஜெர்மன் மக்கள் அவரை ‘டீ ஆஸ்தா’ என்று அழைத்தார்கள், குடும்பத்துப் பெண் ஒருத்தியைச் சொல்வதைப் போல.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஆஸ்தா வெறும் விற்பனைச் சரக்காக இருக்கவில்லை. வேடம், உடை, ஒப்பனை, கதையின் போக்கு எல்லாவற்றிலும் அவர் சொல்லுக்கு இடம் இருந்தது. அன்றைய ஸ்டூடியோ முறையில் எந்த நடிகைக்கும் எளிதில் வாய்க்காத நிலை அது. 1912இல் ஆஸ்தாவும் காத்தும் திருமணம் செய்துகொண்டார்கள். சில ஆண்டுகளில் பிரிந்தார்கள்.

கண்ணாடிக் கூடத்தில்

பெர்லினை அடுத்த பாபெல்ஸ்பெர்க் ஸ்டூடியோவின் பெயரைச் சினிமா ஆர்வலர்கள் அறிவார்கள். அங்கே கட்டிய முதல் படப்பிடிப்புக் கூடத்தின் சுவரும் கூரையும் கண்ணாடி. செயற்கை விளக்குகள் போதாத காலம். சூரியனே முதன்மை விளக்கு. 1912 பிப்ரவரி 12 அன்று அந்தக் கூடத்தில் முதல்முதலாகப் படமாக்கத் தொடங்கியது ஆஸ்தாவின் ‘டோட்டன்டான்ஸ்’, அதாவது ‘மரண நடனம்’. ஒளிப்பதிவு கீடோ சேபர்.

துயரக் கதைகளின் நாயகி என்று மட்டும் அவரை நினைப்பது தவறு. 1914இல் வந்த ‘எங்கெலைன்’ என்ற நகைச்சுவையில், அமெரிக்காவிலிருந்து வரும் பணக்கார மாமாவை ஏமாற்றுவதற்காக, பதினேழு வயதுப் பெண் பன்னிரண்டு வயதுக் குழந்தையாக நடிக்கிறாள். நடித்த ஆஸ்தாவுக்கு வயது 32. கதாபாத்திரத்தின் பெயர் யெஸ்தா, சொந்த மகளின் பெயர். ‘சபாட்டாவின் கும்பல்’ படத்தில் கொள்ளைக்காரர்களாக வேடமிட்ட படப்பிடிப்புக் குழுவை ஊரார் உண்மைக் கொள்ளையர் என்று நம்பிவிடுகிறார்கள். ஆஸ்தா ஆண் உடையில் அமர்க்களம் செய்கிறார். பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தைப் பின்னணியாகக் கொண்ட படத்திலும் நடித்தார். சிறுமி, ஏழைத் தாய், சர்க்கஸ்காரி, நாடோடிப் பெண், சீமாட்டி என்று மூன்றே ஆண்டில் இத்தனை வயதும் வர்க்கமும் தாண்டிப் போனவர் அன்று திரையில் மிக அரிது.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. எல்லைகள் மூடின. எழுத்து அட்டையை மாற்றி உலகெங்கும் படம் அனுப்பிய டேனிஷ் திரைத்துறையின் பொற்காலம் மெல்ல அணைந்தது. போர்க்காலத்தில் டென்மார்க்குக்குத் திரும்பிய ஆஸ்தா, போர் முடிந்ததும் மீண்டும் பெர்லினுக்கே போனார்.

டென்மார்க்கின் இளவரசி

போருக்குப் பிறகு ஆஸ்தா சொந்தமாக ஒரு தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். அதன் பெயர் ஆர்ட் ஃபிலிம். முதல் பெரிய முயற்சி, ஷேக்ஸ்பியரின் டென்மார்க் இளவரசன் கதையான ‘ஹாம்லெட்’; 1921இல் வெளியானது. ஹாம்லெட் வேடத்தில் அவரே.

பெண்கள் ஹாம்லெட் வேடம் போடுவது மேடைக்குப் புதிதில்லை. புகழ்பெற்ற பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார்ட் அந்த வேடத்தின் வாள்சண்டைக் காட்சியை 1900இலேயே படமாக நடித்திருக்கிறார். ஆனால் பெர்னார்ட் ஆணாக நடித்தார். ஆஸ்தாவின் ஹாம்லெட் பெண்ணேதான். ஹாம்லெட் பிறப்பில் பெண் என்று எட்வர்ட் வைனிங் என்ற அமெரிக்கர் 1881இல் வாதிட்டிருந்தார். ஆஸ்தா பிறந்த அதே ஆண்டு. படம் அதைக் கையில் எடுத்தது. அரசன் போரில் மாண்டதாகச் செய்தி வருகிறது. வாரிசு இல்லாமல் அரியணை போய்விடுமே என்று அரசி, பிறந்த பெண் குழந்தையை ஆண் என்று அறிவித்துவிடுகிறாள். அரசன் உயிரோடு திரும்புகிறான். பொய் மட்டும் நிலைத்துவிடுகிறது.

இந்த ஒரு மாற்றத்தால் நாடகத்தின் முடிச்சுகள் எல்லாம் புதிதாக விழுகின்றன. தந்தையின் கொலைக்குப் பழிவாங்க ஹாம்லெட் ஏன் தயங்குகிறான் என்று முந்நூறு ஆண்டாகக் கேட்ட கேள்விக்கு இங்கே வேறு விடை கிடைக்கிறது. அவள் நண்பன் ஹொரேஷியோவைக் காதலிக்கிறாள், சொல்ல முடியாது. ஹொரேஷியோவுக்கோ ஒஃபீலியா மேல் நாட்டம். ஹாம்லெட் ஒஃபீலியாவை நாடுவதும் அந்தப் பொறாமையில்தான். இறந்து கிடக்கும் தோழனை மடியில் ஏந்தும் ஹொரேஷியோவின் கை மார்பில் படும் கணத்தில்தான் உண்மை அவனுக்குத் தெரிகிறது. குட்டையாக வெட்டிய முடி, கருப்பு உடை, நீண்ட கால்களை நீட்டி ஆணைப் போல உட்காரும் அந்த அலட்சியம், அதற்கு அடியில் ஒரு நொடிகூட ஓயாத எச்சரிக்கை. இரண்டையும் ஒரே உடம்பில் அவர் காட்டுகிறார்.

வசனமே உயிரான ஷேக்ஸ்பியரை வசனம் இல்லாமல் எடுப்பது வீண் வேலை என்று சொல்பவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசலாம். வண்ணச் சாயம் ஏற்றிய பழைய பிரதி ஒன்று கிடைத்து, புதுப்பிக்கப்பட்டு, 2007ஆம் ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

கார்போவின் படமா?

1925இல் ஜி. வி. பாப்ஸ்ட் இயக்கிய ‘மகிழ்ச்சியற்ற தெரு’, முதல் உலகப் போருக்குப் பின் பணவீக்கத்தில் நொறுங்கிய வியன்னாவைக் காட்டும் படம். இறைச்சிக் கடை வாசலில் இரவெல்லாம் நீளும் வரிசை. கடைக்காரன் பெண்களின் பசியை விலைபேசுகிறான். இரண்டு பெண்களின் கதை இணையாக ஓடுகிறது. ஒருத்தியாக 43 வயது ஆஸ்தா, மற்றவளாக 19 வயது கிரேட்டா கார்போ.

இன்று பல பட்டியல்களில் இது கார்போ படம் என்றே இருக்கிறது. கார்போ ஹாலிவுட்டில் பெரும் புகழ் பெற்றது ஒரு காரணம். இன்னொரு காரணம் கத்தரி. நாட்டுக்கு நாடு தணிக்கையாளர்கள் படத்தை வெட்டினார்கள். பொறாமையில் கொலை செய்யும் ஆஸ்தாவின் கதைதான் அதிகம் அடிபட்டது. அமெரிக்காவில் ஓடிய பிரதியில் அவர் பங்கு பெருமளவு காணாமல் போனது. வெட்டப்பட்ட பிரதியைப் பார்த்தவர்கள் அதையே வரலாறாக எழுதினார்கள். புதுப்பித்த நீண்ட வடிவத்தில்தான் இரண்டு கதைகளும் சமமாக நிற்பது தெரிகிறது.

ஒலி வந்தபோது

எழுத்து அட்டை தந்த சுதந்திரத்தை ஒலி பறித்தது. ஜெர்மன் பேசும் படம் ஜெர்மன் சந்தைக்கு. டேனிஷ் படம் டென்மார்க்குக்கு. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் எல்லா நாட்டுக்கும் சொந்தமாக இருந்த முகங்களுக்கு அது கெட்ட காலம். ஆஸ்தா நடித்த ஒரே பேசும் படம் 1932இல் வந்தது. அதில் அவர் ஒரு சிற்பி. அதன் பிறகு மேடையோடு நின்றுகொண்டார்.

1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். அவருடைய புகழைத் தங்கள் பக்கம் இழுக்க முயன்றார்கள், அவர் இணங்கவில்லை. பால்டிக் கடலின் ஹிடென்சே தீவில் ‘கருசெல்’ என்ற ஒரு வட்டவடிவ வீடு அவருக்கு இருந்தது, கட்டடக் கலைஞர் மாக்ஸ் டவுட் வடிவமைத்தது. அதையும் விட்டுவிட்டு 1930களின் பிற்பகுதியில் கோபன்ஹேகனுக்கே திரும்பினார். இரண்டாம் உலகப் போரின்போது, ஜெர்மனியில் அல்லலுற்ற யூதர்களுக்கு உணவுப் பொட்டலங்கள் போய்ச் சேர டேனிஷ் இளைஞர் ஒருவர் மூலம் பணம் கொடுத்து உதவினார்.

இன்று அவரை ஏன் பலருக்குத் தெரியவில்லை?

1. படச்சுருளின் வேதியியல். அன்றைய சுருள் நைட்ரோசெல்லுலோஸால் ஆனது. எளிதில் தீப்பற்றும், தீப்பற்றாவிட்டாலும் காலப்போக்கில் பிசினாகி, பொடியாகிவிடும். பேசும் படம் வந்ததும் பழைய பிரதிகளுக்கு மதிப்பில்லை என்று, அவற்றிலிருந்த வெள்ளிக்காக உருக்கியவர்களும் உண்டு. ஆஸ்தா எழுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார், பல அழிந்துவிட்டன. ஜெர்மன் இயக்குநர் எர்ன்ஸ்ட் லுபிட்ச் அவரை வைத்து 1919இல் இயக்கிய ‘ரௌஷ்’ அவற்றில் ஒன்று. இரண்டு மேதைகள் சேர்ந்து வேலை செய்த படம் இல்லாமலே போய்விட்டதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

2. வேகம். அன்று கேமராவைக் கையால் சுழற்றினார்கள். நொடிக்கு ஏறத்தாழ 16 முதல் 20 படங்கள். ஒலிப்பட எந்திரம் ஓட்டுவது 24. பழைய படத்தைப் புதிய எந்திரத்தில் போட்டால் எல்லோரும் துள்ளித் துள்ளி ஓடுவார்கள். மௌனப் படம் என்றால் கோமாளித்தனம் என்ற எண்ணத்தின் வேர் இதுதான். ஆஸ்தாவைப் போல நிதானத்தில் உயிர் வைத்த நடிகைக்கு இதைவிடப் பெரிய அநீதி செய்ய முடியாது. பார்க்கும் பிரதி சரியான வேகத்தில் இருக்கிறதா என்று முதலில் கவனிக்க வேண்டும்.

3. நாடு. டேனிஷ் நடிகை என்று சொல்கிறோம்; டென்மார்க்கில் எடுத்த படங்கள் நான்கே நான்கு. மற்றவை ஜெர்மன் படங்கள். ஆகவே ஒரு நாட்டின் திரை வரலாற்றில் மட்டும் அவர் முழுதாக அடங்குவதில்லை.

எஞ்சியவை பிழைத்த விதமும் விசித்திரமானது. தயாரித்த நாட்டில் அழிந்த படம், வேறு நாட்டு விநியோகஸ்தரின் கிடங்கில் வேற்று மொழி அட்டைகளோடு கிடைக்கும். நெதர்லாந்தின் ழான் டெஸ்மெட் என்ற விநியோகஸ்தர் எதையும் தூக்கி எறியாதவர். அவர் விட்டுச்சென்ற நூற்றுக்கணக்கான படங்கள் 2011இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. டேனிஷ் திரைப்பட நிறுவனம் தன்னிடம் உள்ள மௌனப் படங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. ‘ஆஃப்குருண்டன்’ படமும் அங்கே இருக்கிறது. அந்தப் படிக்கட்டுக் காட்சிக்காகவாவது கடைசி வரை பாருங்கள்.

தன் கதையைத் தானே

கோபன்ஹேகனுக்குத் திரும்பிய ஆஸ்தா சும்மா இருக்கவில்லை. 1940களின் நடுவில் தன் வரலாற்றை இரண்டு பகுதிகளாக எழுதினார். வண்ணத் துணித்துண்டுகளை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார். 1963இல் ஜெர்மனி தன் திரைப்பட விருதால் அவரைச் சிறப்பித்தது. 1970இல், 88 வயதில், கலைப்பொருள் சேகரிப்பாளர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். 1972 மே 25 அன்று இறந்தார்.

அதற்கு முன் ஒரு வேலை செய்தார். 1960களில் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் தயாராகிக்கொண்டிருந்தது. எடுத்த வரையில் பார்த்தார், பிடிக்கவில்லை. அதை ஒதுக்கிவிட்டு, தானே கேமராவின் முன்னும் பின்னும் நின்று எடுத்து முடித்தார். 1968இல் ‘ஆஸ்தா நீல்சன்’ என்ற பெயரிலேயே அது வெளியானபோது அவருக்கு வயது எண்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அவர் இயக்கிய ஒரே படம் அது.